உங்க உள்ளங்கையைத் துளைக்கும் 2.2 மைக்ரோ விநாடி… ஊட்டியில் இன்றும் எண்ணப்படும் ஹோமி பாபாவின் கணக்கு!

ஊட்டிக்குப் போயிருக்கீங்களா? போய் வந்தவங்க எல்லார் போனிலும் கிட்டத்தட்ட ஒரே ஆல்பம்தான் இருக்கும். பொட்டானிக்கல் கார்டன் புல்வெளி, போட் ஹவுஸ், தொட்டபெட்டா, மலை ரயில் ஜன்னல், ஒரு கையில் ஆவி பறக்கும் டீ, இன்னொரு கையில் வர்க்கி.

அடுத்த தடவை போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்க. போனை பாக்கெட்டில் போட்டுட்டு, உள்ளங்கையை வானம் பார்க்க விரிச்சு வெச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நிதானமா எண்ணுங்க. நீங்க எண்ணும் ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் ஒரு துகள் உங்க கையைத் துளைச்சுக்கிட்டு கீழே போகுது. வலிக்காது, தெரியாது. அதுக்குப் பேர் மியூயான். வானத்தின் உச்சியில் பிறந்து, கண் இமைக்கிறதுக்குள்ள செத்துப்போகிற துகள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. கணக்குப்படி பார்த்தால் அந்தத் துகள் உங்க கைவரை வந்து சேரவே கூடாது. பாதி வழிகூட தாண்டக் கூடாது. ஆனா வருது. அது ஏன் வருது, அது வருவதை வைத்து ஐன்ஸ்டைனையே சோதித்துப் பார்க்கலாமே என்று 1938-ல் எழுதியவர் ஓர் இந்திய இளைஞர். அப்போது அவருக்கு வயது 28. பெயர், ஹோமி ஜஹாங்கீர் பாபா.

இந்திய அணுசக்தியின் தந்தைன்னு பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் படிச்சு, பரீட்சை முடிஞ்சதும் மறந்த அதே பாபாதான். அந்த ஒரு வரிக்குள் அடங்காத மனிதர் அவர்.

முதலில், சாவதற்கும் ஒரு கணக்கு உண்டு!

பாபாவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கலாம். பயப்படாதீங்க, சூத்திரம் எதுவும் கிடையாது.

ஒரு கல்யாண மண்டபத்தில் 100 பேரை நிற்க வைக்கிறோம். ஆளுக்கு ஒரு நாணயம். நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரும் சுண்டணும். தலை விழுந்தால் உள்ளேயே நிற்கலாம், பூ விழுந்தால் வெளியே போயிடணும். முதல் நிமிடம் முடிவில் சுமார் 50 பேர் இருப்பாங்க. அடுத்த நிமிடத்தில் 25. அப்புறம் 12 அல்லது 13. யார் எப்போ வெளியே போவாங்கன்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா கூட்டம் எப்படிக் குறையும்னு துல்லியமா சொல்லிடலாம். கூட்டம் பாதியாகும் அந்த நேரத்துக்குத்தான் அரை ஆயுள் என்று பெயர்.

கதிரியக்கத் தனிமங்கள் எல்லாமே இந்த நாணய விளையாட்டைத்தான் ஆடுது. தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கிறாங்களே அயோடின்-131, அதன் அரை ஆயுள் 8 நாள். மருத்துவமனையில் எலும்பு ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் ஊசியில் ஏத்துற டெக்னீஷியம்-99எம், 6 மணி நேரம். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கும் தோரியத்துக்கு சுமார் 1,400 கோடி ஆண்டுகள்.

மியூயான் ஒரு தனிமம் இல்லை, எலெக்ட்ரானைப் போல 207 மடங்கு எடையுள்ள ஒற்றைத் துகள். ஆனா ஆட்ட விதி அதேதான். அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அதாவது, ஒரு விநாடியைப் பத்து லட்சமாக வெட்டி, அதில் இரண்டேகால் துண்டுகூட முழுசா இல்லை. அரை ஆயுளாகச் சொன்னால் 1.5 மைக்ரோ விநாடி. அது முடிந்ததும் ஓர் எலெக்ட்ரானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் உடைஞ்சு போயிடும்.

இன்னொரு விசித்திரம். இந்த நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. பத்து தடவை தப்பிச்சவருக்கும் இப்போதான் உள்ளே வந்தவருக்கும் அடுத்த சுண்டலில் அதே 50-50 வாய்ப்புதான். மியூயானுக்கு வயசாகாது, தளர்ச்சி வராது. இருக்கும்வரை புதுசாவே இருக்கும். போகும்போது சட்டுனு போயிடும். இதைக் கொஞ்சம் மனசில் வெச்சுக்கிட்டு பம்பாய்க்கு வாங்க.

ஜாம்ஷெட்பூருக்குப் போக வேண்டிய பையன்

1909 அக்டோபர் 30-ல் பம்பாயில் ஒரு வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார் பாபா. அப்பா ஜஹாங்கீர் பாபா வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் தோராப்ஜி டாடாவின் மனைவி. வீட்டு நூலகத்தில் புத்தகங்கள், அத்தை வீட்டில் பீத்தோவன் இசைத்தட்டுகள், விளையாட மெக்கானோ செட். கதீட்ரல் அண்டு ஜான் கானன் பள்ளியில் படிக்கும்போதே ஓவியமும் இசையும் அறிவியலும் ஒண்ணாவே ஒட்டிக்கிச்சு.

குடும்பம் போட்ட திட்டம் ரொம்பத் தெளிவு. பையன் கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கணும், திரும்பி வந்து ஜாம்ஷெட்பூர் டாடா எஃகு ஆலையில் பொறுப்பேற்கணும். 1927-ல் கேம்பிரிட்ஜின் கீஸ் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த அடுத்த வருஷமே அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வியாபாரமும் இன்ஜினீயர் வேலையும் தன் சுபாவத்துக்கே ஒத்துவராது, இயற்பியல்தான் தன் வழி என்று அதில் ஒளிக்காமல் சொன்னார்.

இந்த இடத்தில் நம்மில் பாதிப் பேர் நம்ம வீட்டையும் நினைச்சுப் பார்ப்போம் இல்லையா? இன்ஜினீயரிங் சேர்ந்து ரெண்டாவது செமஸ்டரில், இது எனக்கு வராதுப்பா என்று சொல்ல வார்த்தை தேடிய அந்த ராத்திரி. அப்பா ஜஹாங்கீர் கோபப்படவும் இல்லை, உடனே சரின்னும் சொல்லவில்லை. ஒரு ஒப்பந்தம் போட்டார். முதலில் இன்ஜினீயரிங்கை முதல் வகுப்பில் முடி, அப்புறம் கணிதம் படிக்க நான் பணம் அனுப்புகிறேன். மகன் 1930-ல் முதல் வகுப்பில் முடித்தார். 1932-ல் கணிதத்திலும் முதல் வகுப்பு. ஆலைக்கு அவர் போகவே இல்லை.

அந்தக் கேம்பிரிட்ஜில் அப்போது இயற்பியல் கொதிச்சுக்கிட்டு இருந்தது. நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதும், அணுவை முதல்முறை இயந்திரத்தால் உடைத்ததும் அங்கேதான், 1932-ல்தான். அந்த நடுவிலும் பாபா ஓவியம் வரைந்தார், மாணவர்கள் போட்ட மொசார்ட் ஆபெரா ஒன்றுக்கு மேடை வடிவமைத்தார். ஒரு பக்கம் எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் விதத்துக்குக் கணக்குப் போட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு பாபா சிதறல் என்றே பெயர். 1937-ல் வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றில் மோதி எப்படித் துகள் மழையாகப் பெருகுகிறது என்பதற்கு விளக்கம் கொடுத்தார்.

ஊட்டிக்கு வர முடியாத துகள்

அந்தத் துகள் மழையில் ஒரு வகை மட்டும் அடங்கவே இல்லை. தடிமனான ஈயத்தையும் துளைத்துக்கொண்டு போனது. எலெக்ட்ரானை விடக் கனமானது, புரோட்டானை விட லேசானது. அமெரிக்காவில் ஆண்டர்சனும் நெடர்மேயரும் 1936-37-ல் அதன் தடயத்தைப் பிடித்திருந்தார்கள். அதுதான் நாம் இப்போது மியூயான் என்று சொல்வது.

1938 தொடக்கத்தில் நேச்சர் இதழில் பாபா ஒரு குறிப்பு எழுதினார். இந்தக் கனமான துகள் தானாகவே சிதைந்து எலெக்ட்ரானாக மாற வேண்டும். அப்படியானால் அது தனக்குள் ஒரு கடிகாரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. ஐன்ஸ்டைன் சொன்னது சரியென்றால், வேகமாகப் பறக்கும் துகளின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதுபோலத் தெரிய வேண்டும், அதாவது அது கூடுதல் நேரம் உயிரோடு இருக்க வேண்டும். அதை அளந்தால் சார்பியல் கொள்கைக்கு நேரடிச் சோதனை கிடைத்துவிடும். இதுதான் சாராம்சம்.

இதை ஊட்டிக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே புரிஞ்சிடும். மியூயான்கள் பெரும்பாலும் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்குது. ஊட்டி 2.2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கு. மீதி இறங்க வேண்டியது ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் ஓர் அரை ஆயுளில் ஒரு மியூயான் தாண்டுவது சுமார் 450 மீட்டர். அதாவது, சேரிங் கிராஸில் இறங்கி ஒரு டீக்கடை தேடி நடக்கிற தூரம். 13 கிலோமீட்டர் வருவதற்குள் 28 தடவை நாணயம் சுண்டியாகணும். 28 தடவை பாதி பாதியாகக் குறைச்சுக்கிட்டே வந்தீங்கன்னா, சுமார் 27 கோடியில் ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சும்.

ஆனால், ஒளியின் வேகத்தில் 99.9 சதவிகித வேகத்தில் வரும் மியூயானின் கடிகாரம் நமக்கு 22 மடங்கு மெதுவாக ஓடும். அரை ஆயுள் 22 மடங்கு நீளும். 28 சுண்டல் இருந்த இடத்தில் ஒன்றேகால் சுண்டல்தான். வழியில் அது இழக்கும் ஆற்றலை விட்டுவிட்டுப் பார்த்தால், நூற்றுக்கு 40 துகள்கள் ஊட்டிக்கு வந்துவிடும். 27 கோடியில் ஒன்று எங்கே, நூற்றுக்கு 40 எங்கே!

1941-ல் அமெரிக்காவின் கொலராடோவில் புரூனோ ராஸியும் டேவிட் ஹாலும் ஒரு மலை ஏரிக்கரையிலும் கீழே டென்வர் நகரிலும் இந்தத் துகள்களை எண்ணினார்கள். வேகமானவை அதிகமாகப் பிழைத்து வந்தன, மெதுவானவை வழியில் அதிகம் செத்தன. பாபா சொன்ன சோதனை நடந்தது, ஐன்ஸ்டைன் ஜெயித்தார். இதற்காக ராக்கெட்டோ விண்வெளி வீரரோ தேவைப்படவில்லை. ஒரு மலை போதுமானதாக இருந்தது.

லீவுக்கு வந்தவர்

அந்த வெற்றிச் செய்தி வந்தபோது பாபா கேம்பிரிட்ஜில் இல்லை. 1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்திருந்தார். செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. திரும்பிப் போக வழியில்லை. உலகின் மிகச் சிறந்த இயற்பியல் கூட்டத்தோடு இருந்தவர், அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றார்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இடம் கொடுத்தது நம்ம திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன். காஸ்மிக் கதிர் ஆய்வுக்கென்று ஒரு தனிப் பிரிவு பாபாவுக்காகத் தொடங்கப்பட்டது. 1941-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், வயது 31. அதே ஆண்டு நாகபுரியில் நடந்த கூட்டம் ஒன்றில் ராமன் அவரை லியனார்டோ டா வின்சிக்கு இணையாக வைத்துப் பேசினார். ராமன் அவ்வளவு சுலபமாக யாரையும் புகழ்கிறவர் இல்லை.

கோட்பாட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், பெங்களூரில் கருவியைக் கையில் எடுத்தார். காரணம் இருந்தது. காஸ்மிக் கதிர்களுக்கு மின்னூட்டம் உண்டு, பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைத்துவிடும். தென்னிந்தியா காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், இங்கே கிடைக்கும் அளவீடு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கிடைக்காது. போருக்காக பெங்களூரில் இருந்த அமெரிக்க விமானப்படையின் உதவியோடு கருவிகளை விமானத்தில் ஏற்றி, உயரத்தில் இந்தத் துகள்களை எண்ணினார்கள் பாபாவும் அவர் குழுவினரும்.

துகளுக்குப் பேர் வைப்பதிலும் தலையிட்டார். மீசோட்ரான் என்று எல்லோரும் அழைத்தபோது, கிரேக்க வேர்ச்சொல்லில் ட்ரா என்ற ஒலியே இல்லையே, மீசான் என்றால் போதாதா என்று 1939-ல் எழுதினார். பெயர் நிலைத்தது. வேடிக்கை என்னன்னா, 1947-ல் இது ஒரே துகள் இல்லை, இரண்டு வேறு துகள்கள் என்று தெரியவந்தது. பாபா வைத்த பேர் இன்னொரு துகளான பையானோடு போய்விட்டது. நம்ம மியூயான் இன்று மீசான் குடும்பத்திலேயே இல்லை!

போர் முடியுமுன் எழுதிய கடிதம்

போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜோ வேறு இடமோ அவரைக் கூப்பிட்டிருக்கும். நாடு திரும்பும் கனவோடு வெளிநாட்டில் இருக்கும் இந்தத் தலைமுறைக்கும், வெளிநாட்டுக் கனவோடு இங்கே இருக்கிறவங்களுக்கும் பாபா எதிர்கொண்ட கேள்வி புதுசு இல்லை. போவதா, இருப்பதா?

1944 மார்ச் 12-ல் தோராப்ஜி டாடா அறக்கட்டளையின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் அடிப்படை இயற்பியலுக்கு ஓர் ஆய்வுப்பள்ளி வேண்டும், அணு ஆற்றலில் மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது நிபுணர்களை வெளியே தேடாமல் வீட்டுக்குள்ளேயே கண்டுகொள்ள முடிய வேண்டும் என்பது அதன் உட்கருத்து. ஹிரோஷிமாவுக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்ட கடிதம் அது.

1945 ஜூன் 1-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் பம்பாய் பெடர் ரோட்டில் உள்ள கெனில்வொர்த் பங்களாவுக்கு மாறியது. அது பாபாவின் அத்தை வீடு. இன்று உலகம் டி.ஐ.எஃப்.ஆர் என்று அறியும் நிறுவனம் ஒரு குடும்ப வீட்டின் அறைகளில்தான் தவழ ஆரம்பித்தது.

அதன் முதல் வேலைகளில் ஒன்று, காஸ்மிக் கதிர்களைத் துரத்துவது. இளம் ஆய்வாளர் பி.வி.ஸ்ரீகண்டனைக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார் பாபா. பாறையைத் துளைத்து எவ்வளவு ஆழம்வரை மியூயான்கள் இறங்குகின்றன என்று அங்கே அளந்தார்கள். அதே சுரங்கத்தில் 1965-ல், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயம் உலகில் முதன்முறையாகப் பதிவான இடங்களில் ஒன்று என்ற பெருமையும் கிடைத்தது.

சுரங்கம் ஒரு பக்கம், மலை இன்னொரு பக்கம். உயரம் கூடக்கூடத் துகள்கள் சாவதற்கு முன்னாடியே பிடித்துவிடலாம் இல்லையா? அதுக்குத்தான் ஊட்டி. 1950-களில் அங்கே காஸ்மிக் கதிர் ஆய்வகம் வந்தது. மேகக்கூடம் என்னும் பெரிய கருவியை மலைக்கு ஏற்றினார்கள். ஈரக் காற்று நிறைந்த ஒரு கண்ணாடி அறை அது. துகள் ஊடுருவிப் போனால் அதன் வழியில் பனித்துளிகள் கோடு போடும், அதைப் படம் எடுப்பார்கள். விநாடியின் நுண்ணிய துண்டுகளில் செத்துப்போகும் துகள்கள், சாகும் இடத்தில் கோடு சட்டென்று உடைந்து திரும்பும். நீலகிரியில் வெளியே ஒரு மேகம், உள்ளே ஒரு மேகம்!

27 நாள் காத்திருந்தால்…

1948-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956 ஆகஸ்ட் 4-ல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. மருத்துவத்துக்கும் விவசாயத்துக்கும் வேண்டிய குறுகிய ஆயுள் ஐசோடோப்புகளை இந்தியாவிலேயே தயாரிக்கும் பாதை அங்கே திறந்தது. இது ஏன் முக்கியம்னா, 8 நாளில் பாதியாகிவிடும் மருந்தை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைக்க முடியாது. வந்து சேரும்போது டப்பா மட்டும்தான் மிச்சம் இருக்கும். பக்கத்தில் செய்யணும், சுடச்சுடக் கொடுக்கணும்.

பாபாவின் பெரிய கனவு தோரியம். யுரேனியம் நம்மிடம் குறைவு, தோரியம் கடற்கரை மணலில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் தோரியம் நேரடியாக எரியாது. அதற்குள் ஒரு நியூட்ரானை நுழைக்கணும். அப்போது அது தோரியம்-233 ஆகும், அரை ஆயுள் 22 நிமிடம். அது சிதைந்து புரோடாக்டினியம்-233 ஆகும், அரை ஆயுள் 27 நாள். அதுவும் சிதைந்த பிறகுதான் எரிபொருளான யுரேனியம்-233 கிடைக்கும். 1,400 கோடி ஆண்டு அசையாமல் கிடக்கும் மணலை எரிபொருளாக்குவது, நடுவில் வந்து போகும் இந்த இரண்டு குறுகிய ஆயுள்காரர்கள்தான்.

1954-ல் அவர் முன்வைத்த மூன்று கட்டத் திட்டத்தின் முடிவு இந்த இடம். யுரேனியம்-233-ல் ஓடும் காமினி என்ற சின்ன ஆய்வு உலை 1996-லிருந்து நம்ம கல்பாக்கத்தில் இருக்கிறது, திறன் 30 கிலோவாட். ஆனால், தோரியத்திலிருந்து பெரிய அளவில் மின்சாரம் எடுக்கும் மூன்றாம் கட்டம் இன்னும் வரவில்லை. பாபா காலத்தில் போட்ட மின் உற்பத்தி இலக்குகளும் நிறைவேறவில்லை. அணுசக்தித் துறையைக் கேள்வி கேட்க முடியாத ரகசியப் பெட்டியாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்ற விமர்சனம் இருக்கிறது. 1964-ல் சீனா அணுகுண்டு வெடித்ததும், குண்டு செய்ய ஆகும் செலவு அப்படியொன்றும் அதிகமில்லை என்ற தொனியில் அவர் வானொலியில் பேசியது இன்றுவரை விவாதப் பொருள். சிலையாக்கி மாலை போட்டுவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

இதற்காக அவர் கொடுத்த விலையும் கண்ணில் படாது. 28 வயதில் மியூயானின் கடிகாரத்தைப் பிடித்தவர், 1950-களுக்குப் பிறகு சொந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். கோப்புகள், கூட்டங்கள், கட்டடங்கள். மற்றவர்கள் இயற்பியல் செய்வதற்காகத் தன் இயற்பியலைக் கைவிட்டார். எஃகு ஆலை நிர்வாகம் வேண்டாம் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதிய பையன், கடைசியில் அதைவிடப் பெரிய நிர்வாகத்தில் போய் உட்கார்ந்தார். இந்த முறை இடம் அவரே தேர்ந்தெடுத்தது.

மரம் வெட்டாத மனிதர்

அந்த நிர்வாகியிடமும் ஓவியர் ஒளிந்திருந்தார். கொலாபா கடற்கரையில் டி.ஐ.எஃப்.ஆரின் புதுக் கட்டடம் 1962-ல் நேரு கையால் திறக்கப்பட்டது. சுவரில் எம்.எஃப்.ஹுசைனின் மிகப்பெரிய ஓவியம். நாட்டின் முக்கியமான நவீன ஓவியங்கள் பல, விலை ஏறுவதற்கு முன்பே அங்கே வாங்கப்பட்டன. தோட்டத்தின் வளைவுகள் எப்படி இருக்கணும், மரம் எங்கே நிற்கணும், இதெல்லாம் அவரே பார்த்தார். வழியில் நிற்கிறது என்பதற்காக ஒரு மரத்தை வெட்ட அவர் சம்மதித்ததில்லை. வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நட வைத்தார். அணு உலை கட்டுகிற இடத்தில் ரோஜாத் தோட்டம் எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆராய்ச்சி செய்கிறவன் ஜன்னலைத் திறந்தால் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இசை, ஓவியம், செடி, வேலை. அவ்வளவுதான்.

மான்ட் பிளாங்க்

1966 ஜனவரி 24. வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமைக் கூட்டத்துக்காகக் கிளம்பிய பாபா, கஞ்சன்ஜங்கா என்று பெயரிட்ட ஏர் இந்தியா போயிங் 707-ல் இருந்தார். ஜெனீவாவில் இறங்கத் தயாரான விமானம் ஆல்ப்ஸ் மலையின் மான்ட் பிளாங்க் சிகரத்தருகே மோதியது. 117 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாபாவுக்கு 56 வயது.

இது சதி என்று சொல்லும் ஃபார்வர்டு உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கும் ஒருநாள் வந்திருக்கும். விசாரணையில் வெளிவந்தது வேறு. விமானத்தின் வழிகாட்டும் கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. தரைக்கட்டுப்பாட்டிலிருந்து வந்த தகவலைத் தவறாகப் புரிந்துகொண்ட விமானி, சிகரத்தைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து இறக்கினார். அந்த முடிவைத் தள்ளிவைக்கும் அளவுக்கு ஆதாரம் எதுவும் இன்றுவரை பொதுவெளிக்கு வரவில்லை.

பம்பாயில் அவர் வாழ்ந்த மெஹ்ராங்கீர் பங்களா 2014-ல் 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. நினைவிடமாக்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். 2016-ல் இடித்துவிட்டார்கள்.

ஊட்டியில் இன்றைக்கு

வீடு போய்விட்டது. ஆனால், நீங்க ஊட்டிக்கு வண்டி ஓட்டிக்கிட்டுப் போனால் அவர் போட்ட விதைகள் இரண்டைப் பார்க்கலாம்.

ஒன்று முத்தோரையில் இருக்கிற ரேடியோ தொலைநோக்கி. வெளிநாட்டில் இருந்த கோவிந்த் ஸ்வரூப்பைத் தந்தி கொடுத்து அழைத்துவந்தவர் பாபா. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த மலைச்சரிவின் கோணமும் ஊட்டியின் அட்சரேகையும் ஒன்றாக, 11 டிகிரியாக இருப்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1970-ல் அது வேலைசெய்ய ஆரம்பித்தபோது பாபா இல்லை.

இன்னொன்று, காஸ்மிக் கதிர் ஆய்வகம். இன்று அங்கே ஜப்பானியர்களோடு சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 சோதனை இருக்கிறது. கான்கிரீட் அடுக்குகளுக்குக் கீழே 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712. மொத்தம் 560 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு சுமார் 400 கோடி மியூயான்களை எண்ணுகிறது. இரவு பகல், சீசன், ஆஃப் சீசன் எதுவும் கிடையாது.

2014 டிசம்பர் 1-ல் ஊட்டி மேல் ஓர் இடிமேகம் வந்து நின்றது. 18 நிமிடங்களுக்கு மியூயான்களின் எண்ணிக்கை சுமார் 2 சதவிகிதம் குறைந்தது. மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தது. அந்தக் குறைவை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டதில் மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று வந்தது. இடிமேகத்தில் இவ்வளவு இருக்கலாம் என்று 1920-களில் ஊகித்தவர் சி.டி.ஆர்.வில்சன். பாபாவின் ஆட்கள் ஊட்டிக்கு ஏற்றிய மேகக்கூடத்தைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். அவர் ஊகித்ததை 2019-ல் உலகுக்கு அளந்து காட்டியது நீலகிரி. ஊட்டியில் சுற்றுலாப் பயணிகள் மழைக்கு ஒதுங்கி நின்ற நேரத்தில் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது!

மேகத்துக்குள் கருவியை அனுப்பவில்லை. பலூன் விடவில்லை. 2.2 மைக்ரோ விநாடியில் சாக வேண்டிய துகள், வேகத்தால் ஆயுளை நீட்டிக்கொண்டு தரைக்கு வந்து, வழியில் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அது வரும் என்று 1938-ல் எழுதிவைத்தவர், 1966-ல் ஒரு பனிமலையில் காணாமல் போய்விட்டார்.

அதனால அடுத்த தடவை ஊட்டியில் மழை பிடிச்சு, டீக்கடை ஓரம் ஒதுங்கி நிக்கும்போது, ட்ரிப்பே வேஸ்ட்டுன்னு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கையை விரிங்க. அறுபது வரைக்கும் எண்ணுங்க. அதுக்குள்ள உங்களைத் தாண்டிப் போனது கிட்டத்தட்ட அறுபது மியூயான்கள். பக்கத்து மலையில் இரும்புக் குழாய்களும் அதே நேரம் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கும்.